போர்டு தெரியாத டீச்சரும் திப்பு தெரியாத பிள்ளைகளும்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பள்ளி எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதிய ஏழு பக்கக் கடிதம். சுருக்கிச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 53. அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு முதுகலை ஆசிரியை. 1999-இல் வேலைக்குச் சேர்ந்தவர். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஜூலையில் ஒரு நாள் 11-ஆம் வகுப்பில் அதில் எழுதப் போனபோது, தொட்ட இடத்தில் எழுதாமல் ஒரு சாண் தள்ளிக் கோடு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினார், மறுபடியும் தள்ளியே விழுந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, திரையின் நாலு மூலையிலும் தொட்டுச் சரி செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். வகுப்பே சிரித்தது. இதை இன்னொருவன் போனில் பிடித்து, சினிமா காமெடி வசனம் சேர்த்து, 12 விநாடிக் காணொளியாக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் காட்டித்தான் டீச்சர் பார்த்தார். அன்றிலிருந்து போர்டுக்குத் துணி போட்டு மூடிவிட்டு சாக்பீஸுக்கே திரும்பிவிட்டார்.

ஆகஸ்டில், வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த வேலூர்ப் புரட்சி பற்றி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார். 44 பேரில் 31 பேரின் கட்டுரைகள் வரிக்கு வரி ஒன்று போல இருந்தன. 6 பேர் 'திப்பு சுல்தான் தலைமையில்' புரட்சி நடந்ததாக எழுதியிருந்தார்கள். கேட்டால் "சாட்ஜிபிடி சொல்லுச்சு மிஸ்" என்கிறார்கள். கம்ப்யூட்டர் சார் அந்தக் கட்டுரைகளை ஏதோ ஒரு மென்பொருளில் போட்டு, '98 சதவீதம் இயந்திரம் எழுதியது' என்று காட்டினார். தலைமையாசிரியரோ "காலம் மாறிப்போச்சு, மார்க்கைப் போட்டு விடுங்க" என்கிறார். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகன் சொன்னது இது: "இந்த ஜெனரேஷனே டிஜிட்டல்மா. உங்களுக்கு செட் ஆகாது. வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வந்துடுங்க."

மகன் சொல்வது சரிதானா, 31 பேருக்கும் பூஜ்யம் போடலாமா, வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வு வாங்கி வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். திங்கட்கிழமை முதல் பீரியட் என்றாலே நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு வரியும் கடிதத்தில் இருக்கிறது.

அன்புள்ள டீச்சர்,

அந்தக் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது மனசின் வேலையாகவே இருக்கலாம், ஆனால் 53 வயதில் நெஞ்சடைப்பை நாமாக மனசுக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஆன பிறகும் தூக்கம் வராமல் தவித்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

சரி, இனி மற்றவை.

'இந்த ஜெனரேஷனே டிஜிட்டல்'

உங்கள் மகன் இதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2001-இல் மார்க் ப்ரென்ஸ்கி என்ற அமெரிக்கர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய எண்ணம் அது. கணினியோடு வளர்ந்த பிள்ளைகள் அந்த நாட்டின் பூர்வகுடிகள், நம்மைப் போன்றவர்கள் பிற்பாடு குடியேறியவர்கள், குடியேறியவர்களின் உச்சரிப்பு கடைசிவரை மாறாது என்கிற உவமை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பால் கிர்ஷ்னர், பெட்ரோ டி ப்ரைக்கெரே என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு காலத்தில் பிறந்துவிட்டதாலேயே தகவலைத் தேடிப் பிடித்து அலசும் திறமை வந்துவிடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆராய்ச்சி இருக்கட்டும், என் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சிக்கு வந்த 21 வயதுப் பையன். ரீல்ஸ் எடிட் செய்வதில் புலி. ஒரு அறிக்கையை மெயிலில் அனுப்பச் சொன்னேன். அரை மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் என் வாட்ஸ்அப்பில் ஏழு படங்கள் வந்து விழுந்தன. கணினித் திரையைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான்! கோப்பை எங்கே சேமித்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஃபோல்டர் என்ற ஒன்று இருப்பதே அவன் மனசில் இல்லை. பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது. போனில் வளர்ந்தவனுக்கு எல்லாமே தானாக வந்து நிற்கும், தேடிப் போய் எடுக்கிற பழக்கம் ஏது?

கிராமப்புறக் கல்வி பற்றிய 2024-ஆம் ஆண்டு அசர் அறிக்கையிலும் இதே சாயல் தெரிகிறது. 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும். அவர்களில், முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் போனைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். கைக்குப் போன் பழகிவிட்டது, படிப்புக்கு அவ்வளவாகப் பழகவில்லை.

உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? 'மீதி 13 பேர் கையால் எழுதிச் சொந்தமாகக் கொண்டுவந்தார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள், போன் இல்லாதவர்கள்.' எனக்கு மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி இதுதான். உங்களுக்கும் மாணவர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த வகுப்புக்குள்ளேயே, ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளேயே, இன்னொரு இடைவெளி இருக்கிறது. 2023 அசர் அறிக்கையில், போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 18 வயதுப் பையன்களில் சுமார் 44 சதவீதம் பேரிடம் சொந்தப் போன் இருந்தது. பெண்களில் அது 20 சதவீதத்துக்கும் கீழே. 'டிஜிட்டல் தலைமுறை' என்று மொத்தமாகச் சொல்லும்போது இந்தப் பெண்கள் எந்தத் தலைமுறையில் சேர்கிறார்கள்? 'வீட்டில் நெட்டில் தேடி எழுதி வா' என்ற வேலையை நீங்களோ கம்ப்யூட்டர் சாரோ கொடுக்கும்போதெல்லாம் இந்த 13 பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2020-இல் பள்ளிகள் மூடியபோது அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்து வகுப்பெடுத்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாரும் பயிற்சி தரவில்லை, மூன்று நாளில் கற்றுக்கொண்டீர்கள். அப்படிப்பட்டவரை ஒரு போர்டு தோற்கடித்துவிட்டது என்று நான் நம்பமாட்டேன். ஜூலையில் உங்களைத் தாக்கியது அந்தச் சிரிப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

திப்புவைக் கண்டுபிடித்தது யார்?

அந்த 31 கட்டுரைகளையும் 6 திப்புகளையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். திப்பு சுல்தான் 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்துவிட்டார். வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயர் காவலில் இருந்தது அவருடைய பிள்ளைகள். சிப்பாய்கள் மூத்த மகன் ஃபத்தே ஹைதரைத்தான் அரசராக அறிவித்தார்கள். இயந்திரம் 'வேலூர்', 'திப்பு', 'கோட்டை' என்ற சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துப் பழகியிருக்கும், சரளமாக ஒரு வாக்கியம் கட்டிவிட்டது. அது பொய் சொல்லவும் இல்லை, உண்மை சொல்லவும் இல்லை. அடுத்து எந்தச் சொல் பொருத்தமாக வரும் என்று கணக்குப் போடுவதுதான் அதன் அடிப்படை வேலை. அந்த வாக்கியம் 6 பிள்ளைகளைத் தாண்டி வந்துவிட்டது. உங்கள் கண்ணில் பட்ட மாத்திரத்தில் சிக்கியது. போர்டைச் சரி செய்த பையன் அந்த 6 பேரில் ஒருவன் என்றும் எழுதியிருக்கிறீர்கள்!

உங்கள் பாடத்துக்கு இன்றைக்கு ஏன் ஆசிரியர் வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த 6 தாள்களை எடுத்துக் காட்டுங்கள்.

ஆனால் உங்களைப் புகழ்ந்து மட்டும் அனுப்பினால் என் வேலை முடிந்ததாகாது. உங்களுக்கும் ஒரு இடத்தில் கணக்குத் தப்பியிருக்கிறது. 'எனக்குப் பாடம் தெரியும், அதனால் இணையம் என்னை ஏமாற்ற முடியாது' என்ற தொனி கடிதத்தில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர். இணையதளங்களைக் காட்டி எது நம்பத் தக்கது என்று கேட்டார்கள். மாணவர்கள் மட்டுமா, வரலாற்றாசிரியர்களில் பலரும் பளபளப்பான லோகோவையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். படிப்பாளிகள் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாக மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அதை இரண்டு வரி பார்த்ததுமே விட்டுவிட்டு, வேறு பக்கங்களைத் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டைப் பற்றித் தெருமுனைக் கடையில் விசாரிப்போமே, அதே உத்தி.

இதை நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும், பிள்ளைகளோடு சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். போர்டு மேலிருக்கும் துணியை எடுக்க இது நல்ல சாக்கு. ஒரு பீரியட், அதே பையனைப் போர்டு பக்கத்தில் நிற்க வையுங்கள். 'வேலூர்ப் புரட்சிக்குத் தலைமை தாங்கியது யார்' என்று இயந்திரத்திடம் அவன் கேட்கட்டும். கேள்வியை மாற்றி மாற்றி மூன்று தடவை. வருகிற பதில்களைப் பாடப்புத்தகத்தோடும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய நூல்களோடும் வகுப்பே ஒப்பிடட்டும். புரட்சியை அடக்கிய ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து எத்தனை மணிக்கு வந்தான், முன்கூட்டியே எச்சரித்த சிப்பாய் முஸ்தபா பேக்கைப் பைத்தியம் என்று ஏன் ஒதுக்கினார்கள் என்று நீங்கள் இழுத்துக்கொண்டே போகலாம். விரல் அவனுடையது, கேள்வி உங்களுடையது. அவன் உங்களைப் பார்த்துச் சிரித்ததாக நினைக்கிறீர்கள். கடிதத்தில் உள்ளபடி அவன் எழுந்து வந்து உதவிவிட்டுத்தான் போனான், சிரித்தது மற்றவர்கள்.

கம்ப்யூட்டர் சாரிடம் மூன்றே மூன்று விஷயம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தொடும் இடத்தைச் சரி செய்வது, ஒரு வரைபடத்தைத் திரையில் கொண்டுவருவது, அதன் மேல் எழுதுவது. அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். "விடுங்க மேடம், நானே போட்டுத் தர்றேன்" என்பார். விடாதீர்கள். ரிமோட் அவர் கையில் இருக்கிறவரை உங்கள் கைக்குப் பழகாது.

31 பேருக்குப் பூஜ்யம்?

வேண்டாம். அந்த '98 சதவீதம்' என்ற எண்ணை நம்பி ஒரு பிள்ளைக்கும் மார்க்கைக் குறைக்காதீர்கள். சாட்ஜிபிடியை 2022 நவம்பரில் வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே, இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியை விட்டது. சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று 2023 ஜூலையில் அதை எடுத்தும்விட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரத்தின் வேலை என்று இத்தகைய கருவிகள் தவறாகச் சொன்னதாக இன்னொரு ஆய்வு இருக்கிறது. தமிழ்க் கட்டுரைக்கு இவை தரும் தீர்ப்பை நான் ஒரு பைசாவுக்கும் மதிக்க மாட்டேன். நேர்மையாக எழுதிய ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிட்டால் அதை எந்த மதிப்பெண்ணாலும் துடைக்க முடியாது.

உங்களிடம் அதைவிட நல்ல கருவி இருக்கிறது: வாய்மொழிக் கேள்வி. ஒருவருக்கு மூன்று நிமிடம் கொடுங்கள். 'நீ எழுதியதில் தோல் பட்டை வைத்த தலைப்பாகை என்று வருகிறதே, அதில் சிப்பாய்க்கு என்ன பிரச்சினை?' என்று கேளுங்கள். பதில் சொல்கிறவன் எங்கிருந்து எடுத்திருந்தாலும் படித்திருக்கிறான். சொல்லத் தெரியாதவன் திரும்ப எழுதட்டும், வகுப்பிலேயே, கையால். 44 பேருக்கு இரண்டு மூன்று பீரியட் போகும். தலைமையாசிரியர் முணுமுணுப்பார். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது அல்லவா, அதனால் கிடைத்த மூச்சை இதற்குச் செலவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ப்ராஜெக்டிலிருந்து விதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இயந்திரத்திடம் கேட்கலாம், ஆனால் கேட்ட கேள்வியையும் அது சொன்னதில் ஒரு தவறையும் கண்டுபிடித்து எழுத வேண்டும். போன் இல்லாதவர்களுக்குப் பள்ளிக் கணினி, அல்லது நூலகப் புத்தகம் ஒன்றில் உள்ள தவறோ விடுபடலோ.

அந்தக் காணொளி

போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். 16 வயதுப் பையன், 12 விநாடி, வகுப்புக் குழுவோடு நிற்கிறது. இதற்குப் போலீஸ் வேண்டாம். வகுப்பாசிரியர் மூலம் பெற்றோரை அழைத்து, அவர்கள் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் வகுப்பறையில் படம் பிடித்தது பள்ளி ஒழுங்கை மீறியது என்று எழுத்தில் பதிவாகட்டும். அவன் போனை வாங்கி அலுவலகத்தில் ஒப்படைக்கலாம், ஆனால் நீங்களே திறந்து மற்ற படங்களையும் செய்திகளையும் பார்க்கப் போகாதீர்கள். அங்கே தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். ஒருவேளை உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றினாலோ, வெளியே பரப்பினாலோ விஷயமே வேறு. அப்போது திரைப்படம் எடுத்து, அதாங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு இணையக் குற்றப் பிரிவின் இணையதளத்தில் புகார் கொடுங்கள். தயங்க வேண்டாம்.

வி.ஆர்.எஸ்.

நீங்கள் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர், அதனால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறீர்கள். ஓய்வு வயது 60, இன்னும் 7 ஆண்டு இருக்கிறது. 50 வயது தாண்டியவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துப் போகலாம், அது உங்கள் உரிமை. யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு தகுதிச் சேவை வேண்டும், உங்களுக்கு அது நிறைய இன்னும் சில ஆண்டுகள் பாக்கி. விருப்ப ஓய்வில் போகிறவருக்குச் சில ஆண்டுகளைக் கூட்டிக் கணக்கிடும் முறை உண்டு. உங்கள் விஷயத்தில் எத்தனை ஆண்டு கூடும், மாதம் எவ்வளவு குறையும் என்று பள்ளி அலுவலகத்தில் வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். ஏற்பு ஆணை கைக்கு வந்துவிட்டால் மனசு மாறித் திரும்பி வருவது லேசில்லை.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் தேவலை என்று உங்கள் மகனுக்குத் தோன்றுவதில் பாசம் இருக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற கணக்கும் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அது நியாயமான காரணமாகவே இருக்கலாம், உங்களுக்கும் ஆசையிருந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் அதை அதன் பெயரிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். ஸ்மார்ட் போர்டின் தலையில் கட்ட வேண்டாம்.

விண்ணப்பத்தை எழுதித் தயாராக பீரோவில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். தேதி போடாமல் அங்கேயே இருக்கட்டும். அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்ததும், வேலூர்க் கேள்விக்கு எத்தனை பேர் திப்புவை எழுதியிருந்தார்கள் என்று எண்ணி எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.